அடி தள்ளுறதை மறைக்க வேண்டாம், கேட்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், வண்டியூரில், உடல்நல உபகுழு சார்பில் பேசிய உரை. பேசியபடியே எழுதப்பட்டது.)



எனக்கு முன்னால பேசினவங்க சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு, ஒழுங்காத் திருப்பிக் கட்டினது எவ்வளவுன்னு கணக்குச் சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினோம். நான் பேச வந்திருக்கிறது கணக்குப் புத்தகத்துல ஏறாத ஒரு விஷயம். கிராம சுகாதார செவிலியரா 31 வருஷம் இந்தச் சுத்துவட்டாரத்துல வீடு வீடாப் போனவ நான். ரத்தக்கொதிப்பு இருக்குன்னு சொல்லுவாங்க, சர்க்கரை இருக்குன்னு சொல்லுவாங்க. எல்லாம் சொல்லி முடிச்சு, நான் பையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்த பிறகு பின்னாடியே வந்து, அக்கம் பக்கம் பார்த்துட்டு, காதுகிட்ட ஒண்ணு சொல்லுவாங்க. "நர்சம்மா, அடி தள்ளுது."

அந்த அடி தள்ளுறதைப் பத்தித்தான் இன்னைக்கு மைக்குல பேசப் போறேன். காதுல சொல்லிச் சொல்லியே நம்ம அம்மா, அப்பத்தா காலமெல்லாம் போயிருச்சு. நம்ம காலத்திலயாவது சத்தமாப் பேசுவோம்.

முதல்ல இது என்னன்னு பார்ப்போம். நம்ம இடுப்பு எலும்புக்கு நடுவுல, கீழ்ப்பக்கமா, தூளித் துணி கட்டின மாதிரி தசை இருக்கு. அதுமேலதான் முன்னாடி மூத்திரப்பை, நடுவுல கர்ப்பப்பை, பின்னாடி மலக்குடல்னு மூணும் உக்காந்திருக்கு. மேலே இருந்து தசைநார்கள் கயிறு மாதிரி இழுத்துப் பிடிச்சிருக்கு. தூளித் துணி நைஞ்சு, கயிறும் தொய்ஞ்சு போச்சுன்னா என்ன ஆகும்? உள்ள இருக்கிறது கீழே இறங்கும். கர்ப்பப்பையும் இறங்கலாம், மூத்திரப்பையும் இறங்கலாம், மலக்குடலும் தள்ளலாம். டாக்டர்கள் கர்ப்பப்பை இறக்கம்னு எழுதுறது இதைத்தான்.

ஏன் நைஞ்சு போகுது? பிரசவத்துல அந்தத் தசை விரிஞ்சு, சில நேரம் கிழிஞ்சும் போகுது. அது பழைய நிலைக்கு வர்றதுக்கு முன்னாடியே குடம் தூக்குறோம், சாந்துச் சட்டி தூக்குறோம், சூளையில பச்சைக் கல்லைச் சுமக்கிறோம், மார்க்கெட்டுல காய்கறி மூட்டையை இறக்குறோம். வருஷக்கணக்கா இருமல், மலச்சிக்கல் இருந்தாலும் முக்கி முக்கி அது தொய்ஞ்சு போகும். மாதவிலக்கு நின்ன பிறகு தசைக்கு வலு குறையும். எத்தனை பிள்ளை பெத்தோமோ அத்தனைக்கு ஆபத்து கூடும். ஒழுக்கத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. புற்றுநோயும் இல்ல. தொத்து வியாதியும் இல்ல. உழைச்ச உடம்புக்கும் பிள்ளை பெத்த உடம்புக்கும் வர்ற தேய்மானம் இது.

இதை நான் மட்டும் சொல்லல. செங்கல்பட்டுப் பக்கம் 1981-ல் கிராமத்துப் பெண்களே சேர்ந்து ஆரம்பிச்ச அமைப்பு ஒண்ணு இருக்கு. கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம்னு பேரு. அங்க டி.கே. சுந்தரி ரவீந்திரனும் கூட வேலை பார்த்த பெண்களும் அடி தள்ளின பெண்கள்கிட்ட உக்காந்து பேசி, அவங்க சொன்னதை 1999 வாக்குல கட்டுரையா எழுதினாங்க. இளம் வயசிலேயே, பிரசவம் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சிருக்கு. ஓய்வு இல்லாம வேலைக்குப் போயிருக்காங்க. வெளியில சொல்லாம, வைத்தியம் பார்க்காம வருஷக்கணக்கா அதோடவே இருந்திருக்காங்க. நம்ம கதையைத்தான் அவங்க எழுதி வச்சிருக்காங்க. நேபாளத்துல மலையேறிச் சுமை தூக்குற பெண்களுக்கு இது ரொம்ப அதிகம். அங்க வழக்குப் போட்டு, 2008-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், கர்ப்பப்பை இறக்கம் பெண்களோட உரிமைப் பிரச்சினை, அரசாங்கம் இதுக்கு வழி செய்யணும்னு தீர்ப்புச் சொல்லிச்சு. நம்ம வெக்கப்பட்டு மறைக்கிறதை ஒரு நாட்டு நீதிமன்றமே உரிமைன்னு சொல்லியிருக்கு.

இதுக்கு என்னதான் வைத்தியம்? படிப்படியா இருக்கு.

ஆரம்ப நிலையில, கொஞ்சமா இறங்கி உள்ளேயே இருந்தா, தசைப் பயிற்சியே நல்ல பலன் கொடுக்கும். 1948-ல் அமெரிக்காவுல ஆர்னால்டு கெகல்னு ஒரு டாக்டர் எழுதி வச்ச பயிற்சி. மூத்திரத்தை அடக்குறப்ப எந்தத் தசையை உள்ளுக்கு இழுக்கிறோமோ, அதே தசையை இழுத்துப் பிடிங்க. அஞ்சு எண்ணுங்க. விடுங்க. அஞ்சு எண்ணுங்க. மறுபடி இழுங்க. மூச்சைப் பிடிக்கக் கூடாது, வயித்தை எக்கக் கூடாது. ஒரு நேரத்துக்குப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூணு நேரம். பூக் கட்டிக்கிட்டே செய்யலாம், பஸ்ஸுல உக்காந்தும் செய்யலாம், இப்ப இந்தக் கூட்டத்துல உக்காந்துக்கிட்டும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஆனா மூத்திரம் போறப்ப நடுவுல நிறுத்திப் பழகக் கூடாது. மூணு நாலு மாசம் விடாமச் செஞ்சாத்தான் தெரியும். முழுசா வெளியே வந்ததை இந்தப் பயிற்சி உள்ளே கொண்டு போகாது. அதையும் சொல்லிடுறேன்.

அடுத்தது வளையம். பெசரின்னு சொல்லுவாங்க. ரப்பர் மாதிரி மெத்துன்னு இருக்கிற வளையத்தை டாக்டர் அளவு பார்த்து உள்ளே வைப்பாங்க. இறங்கினதை அது தாங்கிப் பிடிக்கும். ஆப்பரேசன் கிடையாது, மயக்க மருந்து கிடையாது. சில மாசத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டி, கழுவி, மறுபடி வச்சுக்கணும். கெட்ட வாடை வந்தாலோ, ரத்தம் பட்டாலோ உடனே போகணும். வயசானவங்களுக்கும், சர்க்கரை, இதய நோய்னு ஆப்பரேசனுக்குத் தோது இல்லாதவங்களுக்கும், ஆப்பரேசன் வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கும் இது பெரிய உதவி. இப்படி ஒண்ணு இருக்குன்னே நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

மூணாவதுதான் ஆப்பரேசன். நம்ம உடம்புல இருக்கிற தசையையும் தசைநாரையுமே இழுத்துப் பிடிச்சுத் தைக்கிறது ஒரு முறை. தேவைன்னா கர்ப்பப்பையை அடிவழியாவே எடுத்துட்டு, தொய்ஞ்ச இடத்தைத் தைப்பாங்க. கர்ப்பப்பையை வச்சுக்கிட்டே மேலே தூக்கிக் கட்டுற முறையும் இருக்கு. அதுல நம்ம நாட்டு டாக்டர்கள் பேரு பெருசு. பம்பாயில ஷிரோத்கர்னு ஒருத்தர், புரந்தரேன்னு ஒருத்தர். இளம் பெண்களுக்கு இறக்கம் வந்தா, இன்னும் பிள்ளை பெறணுமே, கர்ப்பப்பையை எடுக்க முடியாதேன்னு யோசிச்சு, வயித்து வழியாப் போயி, பட்டை மாதிரி ஒண்ணு போட்டு மேலே இழுத்துக் கட்டுற முறையை உண்டாக்கினாங்க. முதல்ல உடம்புல இருந்தே பட்டை எடுத்தாங்க. பிறகு மெர்சிலின்னு ஒரு செயற்கை நாடாவைப் போட்டாங்க. அந்த முறைகள் இன்னைக்கும் நடக்குது.

இங்கதான் நான் முக்கியமாப் பேச வந்த விஷயம் வருது. வலை. டாக்டர்கள் மெஷ்னு சொல்லுவாங்க.

குடலிறக்கம் வந்தா வயித்துத் தசையில பிளாஸ்டிக் வலை வச்சுத் தைக்கிறது ரொம்பக் காலமா நடக்குது. பாலிபுரோப்பிலீன்னு பேரு. உர மூட்டை, அரிசி மூட்டைக்கு வர்ற வெள்ளைச் சாக்கு இருக்கே, அந்த இனம்தான். மருத்துவத்துக்குன்னு சுத்தமா, மெல்லிசாச் செஞ்சிருப்பாங்க. அது குடலிறக்கத்துக்கு நல்லாப் பிடிக்குது, அப்ப அடி இறங்குறதுக்கும் பிடிக்குமேன்னு யோசனை வந்துச்சு. யோசனை தப்பில்ல. நம்ம தசையையே தைச்சா சில பேருக்கு மறுபடி இறங்கிருது, வலை வச்சா நிக்கும்னு நினைச்சாங்க. 2002-ல் அமெரிக்காவுல கர்ப்பப்பை இறக்கத்துக்குன்னே ஒரு வலைக்கு முதல் அனுமதி கிடைச்சுச்சு. ஏற்கனவே விக்கிற வலை மாதிரிதானே இதுன்னு காட்டி வாங்கின அனுமதி. இந்த இடத்துல வச்சா வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு பெண்கள்கிட்டப் பார்த்துட்டுக் கொடுத்த அனுமதி இல்ல. அப்புறம் பல கம்பெனிகள் ஊசியோட, கொக்கியோட பெட்டியாப் போட்டு வித்தாங்க. உலகம் பூரா போச்சு. நம்ம நாட்டுலயும் பெரிய நகரங்கள்ல வச்சாங்க.

என்ன கோளாறு வந்துச்சு? வலையில ஓட்டை இருக்கு. அந்த ஓட்டை வழியா நம்ம சதை வளர்ந்து பின்னிக்கும். அப்படிப் பின்னிக்கிறதுதான் அதோட பலம். ஆனா சில பேருக்கு வலை சுருங்கி இழுக்குது. சில பேருக்கு அடிப்பக்கத்து மெல்லிய தோலை அறுத்துக்கிட்டு வெளியே நீட்டுது. ரத்தம், வெள்ளை, சீழ், இடுப்பு வலி, தொடை வலி, மூத்திரம் போறதுல கஷ்டம். கணவன் மனைவி சேர முடியாத வலி. எடுத்துப் போட்டுடலாமேன்னு கேட்டா, லேசுல எடுக்க முடியாது. வேலிக் கம்பியை மரம் வளர்ந்து விழுங்கிருச்சுன்னா கம்பியை உருவ முடியுமா? மரத்தையும் சேர்த்துத்தான் வெட்டணும். அது மாதிரி. ஒண்ணுக்கு மேல ஆப்பரேசன் பண்ணியும் முழுசா எடுக்க முடியாதவங்க இருக்காங்க.

அமெரிக்க அரசோட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-ல் முதல் எச்சரிக்கை கொடுத்துச்சு. 2008-ல இருந்து 2010 வரைக்கும், அந்த மூணு வருஷத்துல, வலை சம்பந்தமா 2,874 புகார் வந்துச்சு. அதுல 1,503 புகார் இறக்கத்துக்கு வச்ச வலையைப் பத்தினது. 2011-ல், இந்தத் தொந்தரவு எப்பவோ ஒருத்தருக்கு வர்றது இல்ல, அடிவழியா வலை வச்சவங்கள்ல ஏறக்குறைய பத்துல ஒருத்தருக்கு ஒரு வருஷத்துக்குள்ள வலை வெளியே வருதுன்னு அந்தத் துறையே சொல்லிச்சு. 2019 ஏப்ரல் 16-ந் தேதி, இறக்கத்துக்கு அடிவழியா வைக்கிற வலையை இனி விக்கவே கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அதுக்கு முன்னாடியே, 2017 கடைசியில முடிவெடுத்துட்டாங்க. இங்கிலாந்துல 2018 ஜூலையில நிறுத்தி வச்சாங்க.

இந்த உத்தரவெல்லாம் தானா வரல, அக்காமாரே. நம்மள மாதிரிப் பெண்கள் கூட்டம் கூடித்தான் வந்துச்சு. ஸ்காட்லாந்துல எலெய்ன் ஹோம்ஸ், ஒலிவ் மெக்கில்ராய்னு ரெண்டு பெண்கள். வலை வச்சு உடம்பு கெட்டுப் போனவங்க. இறக்கத்துக்கும் மூத்திரக் கசிவுக்கும் வலை வச்சுக் கஷ்டப்பட்ட மத்த பெண்களையும் சேர்த்துக்கிட்டு 2014-ல் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தாங்க. அந்த வருஷமே அங்க வலை வைக்கிறதை நிறுத்தச் சொல்லி சுகாதார அமைச்சர் கேட்டுக்கிட்டாரு. 2022-ல், சொந்தக் காசு போட்டு வலையை எடுத்தவங்களுக்கு அந்தப் பணத்தை அரசாங்கமே திருப்பிக் கொடுக்கிறதுக்குச் சட்டமே போட்டாங்க. ஆஸ்திரேலியாவுல ஆயிரத்துக்கும் மேல பெண்கள் சேர்ந்து ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி மேல வழக்குப் போட்டு 2019 நவம்பர்ல ஜெயிச்சாங்க. 2022-ல் அந்தக் கம்பெனி 30 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுக்கச் சம்மதிச்சுச்சு.

இங்கிலாந்துல ஜூலியா கம்பர்லெஜ்ங்கிற அம்மா தலைமையில விசாரணை வச்சு 2020 ஜூலையில அறிக்கை கொடுத்தாங்க. பெண்கள் வலிக்குதுன்னு திரும்பத் திரும்பச் சொல்லியும் யாரும் காதுல வாங்கல, பொம்பளைங்களுக்கு வர்றதுதான்னு ஒதுக்கித் தள்ளிட்டாங்கன்னு அதுல எழுதியிருக்கு. வெள்ளைக்காரப் பெண்களுக்கே அந்தக் கதின்னா நமக்கு எப்படின்னு யோசிச்சுப் பாருங்க.

ஒண்ணை இங்க தெளிவாச் சொல்லிடணும். குடலிறக்கத்துக்கு வச்ச வலை வேற. வயித்து வழியா மேலே தூக்கிக் கட்டுறதுக்குப் போடுற வலை வேற. அது இன்னைக்கும் பல நாட்டுல நடக்குது. அடிவழியா இறக்கத்துக்கு வைக்கிற வலையைத்தான் அந்த நாடுகள் நிறுத்தியிருக்கு. வலைன்னு கேட்டதும் பயந்து ஓடவும் வேண்டாம், எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சுத் தலையாட்டவும் வேண்டாம்.

இதையெல்லாம் நான் ஏன் இந்த மேடையில சொல்றேன்? போன வருஷம் நம்ம கடன் குழுவுக்கு ஒரு மனு வந்துச்சு. செங்கல் சூளைக்குப் போற தங்கச்சி, வயசு 43. மருத்துவக் கடன் 80,000 ரூபாய் கேட்டிருந்தா. கூடவே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்த செலவுக் கணக்குத் தாள். அதுல ஒரு வரியில மெஷ்னு போட்டு, எதிர்ல ஒரு தொகை. "இது என்னத்தா?"ன்னு கேட்டேன். "தெரியலக்கா, கொசுவலை மாதிரி ஒண்ணு வைப்பாகளாம், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுட்டாரு"ன்னா.

அந்தக் கூட்டத்திலேயே இன்னொரு மனுவும் இருந்துச்சு. கறவை மாட்டுக் கடன். அந்த மாட்டுக்கு எத்தனை கேள்வி கேட்டோம் தெரியுமா? எத்தனாவது ஈத்து, பல்லு எத்தனை, சுழி எப்படி, நேரத்துக்கு எத்தனை லிட்டர் கறக்கும், இன்சூரன்ஸ் இருக்கா, யாரு போயி மாட்டைப் பார்த்தது? எல்லாம் கேட்டுத் தீர்மானப் புத்தகத்துல எழுதினோம். அந்தத் தங்கச்சி உடம்புக்குள்ள ஆயுசுக்கும் இருக்கப் போற ஒரு பொருளைப் பத்தி ஒரு கேள்வி கூட அந்தத் தாள்ல இல்ல.

அவளைக் கூட்டிக்கிட்டு ரெண்டு பேரு பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்க பரிசோதனை பண்ணின டாக்டரம்மா, இது ரெண்டாவது நிலை, இப்பவே ஆப்பரேசன்னு அவசரம் இல்லன்னு சொல்லி வளையம் வச்சு விட்டாங்க. பயிற்சியும் சொல்லிக் கொடுத்தாங்க. இன்னைக்கு அவ சூளையில சுமக்குற வேலையை விட்டுட்டு, கல் அறுக்கிற இடத்துல இருக்கா. நாளைக்கு அவளுக்கு ஆப்பரேசன் தேவைப்படலாம். அப்ப என்ன ஆப்பரேசன்னு தெரிஞ்சு பண்ணிக்குவா. அவ சம்மதம் வாங்கித்தான் இதைச் சொல்றேன். அங்கதான் பின்னாடி உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கா.

வீட்டுக்காரர் கையெழுத்துன்னு சொன்னேன்ல, அதைப் பத்தி ஒரு தீர்ப்பு எல்லாரும் தெரிஞ்சுக்கணும். டெல்லியில சமீரா கோலின்னு ஒரு பெண். 1995-ல் வயித்துக்குள்ள என்னன்னு பார்க்கிற ஒரு பரிசோதனைக்குத்தான் போனாங்க. மயக்கத்துல இருக்கிறப்ப, வெளியில இருந்த அவங்க அம்மாகிட்டக் கேட்டுக்கிட்டு கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2008 ஜனவரி 16-ல் தீர்ப்பு. சுயநினைவு வந்து தானே முடிவு சொல்லக்கூடிய, வயசு வந்த ஒரு பெண்ணுக்குப் பதிலா, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதப்ப, வேற யாரும் சம்மதம் கொடுக்க முடியாதுன்னு நீதிமன்றம் சொல்லிச்சு. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆப்பரேசனுக்குச் சம்மதம் ஆகாதுன்னும் சொல்லிச்சு. என்ன பண்ணப் போறோம், எதுக்கு, என்ன நன்மை, என்ன ஆபத்து, வேற என்ன வழி இருக்கு, பண்ணாம விட்டா என்ன ஆகும்னு டாக்டர் விளக்கணும். அது நமக்கு இருக்கிற உரிமை. கேக்கிறதுக்கு நாம கூச்சப்பட வேண்டியதில்ல.

அதனால எங்க உபகுழு அஞ்சு கேள்வி எழுதியிருக்கோம். இந்த மலர்லயும் அச்சாகும். கிழிச்சு வச்சுக்கிட்டுப் போங்க.

முதல் கேள்வி: எனக்கு எது இறங்கியிருக்கு, எத்தனாவது நிலை? பயிற்சியோ வளையமோ வச்சுப் பார்க்கலாமா?

ரெண்டாவது கேள்வி: ஆப்பரேசன்ல கர்ப்பப்பையை எடுப்பீங்களா, வச்சே சரி பண்ணுவீங்களா? எடுத்துட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க; எடுத்த பிறகும் மேல்பக்கம் இறங்குறவங்க உண்டு. ஏன் எடுக்கணும்னு காரணம் கேளுங்க.

மூணாவது கேள்வி: என் உடம்புக்குள்ள வலையோ நாடாவோ வைப்பீங்களா? வைக்கிறதா இருந்தா அடிவழியாவா, வயித்து வழியாவா? அது இல்லாம என் தசையையே தைக்க முடியாதா?

நாலாவது கேள்வி: அது ஒத்துக்கலைன்னா என்ன ஆகும்? அதை எடுக்கத் தெரிஞ்சவங்க எங்க இருக்காங்க? நீங்க இந்த ஆப்பரேசனை எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?

அஞ்சாவது கேள்வி: வச்ச பொருளோட பேரு, கம்பெனி, எண் எல்லாம் இருக்கிற ஸ்டிக்கரை என் டிஸ்சார்ஜ் தாள்ல ஒட்டிக் கொடுப்பீங்களா? அந்தத் தாளைப் பத்திரமா வைங்க. குழுப் பாஸ் புத்தகத்தை எப்படி வச்சிருக்கீங்களோ அப்படி.

கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரு. கேள்வியைக் கேட்டுக் கோவிச்சுக்கிறவரா இருந்தா, இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிட்டு வாங்க. இது மாரடைப்பு இல்ல, ஒரு வாரம் கழிச்சு முடிவு சொன்னா ஒண்ணும் ஆகிடாது. ஆனா மூத்திரமே போக முடியாம அடைச்சுக்கிட்டாலோ, தள்ளினது உள்ளே போகாம வீங்கிப் புண்ணாயிட்டாலோ, மாதவிலக்கு நின்ன பிறகு ரத்தம் பட்டாலோ தள்ளிப் போடாதீங்க, உடனே போங்க.

ஏற்கனவே வலை வச்சவங்க இங்க இருக்கலாம். ஒரு தொந்தரவும் இல்லைன்னா பயப்பட வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். வழக்கமாப் பரிசோதனைக்குப் போறப்ப, வலை வச்சிருக்குன்னு மட்டும் சொல்லுங்க. வலியோ, ரத்தமோ, நாத்தத்தோட வெள்ளையோ, குத்துற மாதிரியோ இருந்தா, வயசாயிருச்சுன்னு விட்டுடாதீங்க. உடம்புக்குள்ள வச்ச கருவியால கெடுதல் வந்தா பதிவு பண்றதுக்கு 2015 ஜூலை 6-ல இருந்து இந்திய அரசோட திட்டம் ஒண்ணு இருக்கு. காசியாபாத்துல இருக்கிற இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துது. காசில்லாம பேசுற எண் 1800-180-3024. அந்த ரெண்டாயிரத்துச் சொச்சம் புகார் எழுதப் போய்த்தான் அமெரிக்காவுல விசாரிச்சாங்க. நாம எழுதாத வரைக்கும் நம்ம வலி எந்தக் கணக்குலயும் ஏறாது.

வர்றதுக்கு முன்னாடி தடுக்கிறதைப் பத்தியும் பேசணும். இதுல நம்ம கூட்டமைப்புக்கே ஒரு பங்கு இருக்கு. பிள்ளை பெத்தா நாப்பது நாள் பாரம் தூக்கக் கூடாதுன்னு நம்ம பெரியவங்க வச்ச பழக்கம் நல்ல பழக்கம். டாக்டர்களும் ஆறு வாரம்னுதான் சொல்றாங்க. கூலிக்குப் போறவ அந்த நாள்ல வேலைக்குப் போகாம இருக்கணும்கிறதுக்குத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய் கொடுக்கிறாங்க. அந்தப் பணம் எங்க போகுது? பல வீட்டுல பழைய கடனுக்குப் போகுது. நம்ம குழுத் தவணைக்கும் போகுது. தவணை தவறக் கூடாதுன்னு பச்சை உடம்போட சித்தாள் வேலைக்குப் போன பொண்ணை நானே பார்த்திருக்கேன். அவ தவணை ஒழுங்கா வந்துச்சுன்னு நாம கை தட்டியிருக்கோம்.

அதனால உபகுழு சார்பா இந்த மேடையில மூணு தீர்மானம் முன்வைக்கிறேன். ஒண்ணு, பிரசவம் ஆன உறுப்பினருக்கு மூணு மாசம் தவணையைத் தள்ளி வைக்கணும். அபராதமும் கிடையாது, கூட்டத்துக்கு வரலைன்னு கேள்வியும் கிடையாது. ரெண்டு, கர்ப்பப்பை ஆப்பரேசனுக்குக் கடன் கேட்டு மனு வந்தா, அஞ்சு கேள்விக்கும் பதில் வாங்க ஒரு உறுப்பினர் கூடப் போகணும். அவ மானம் வெளியில போகாம அந்தப் பேச்சு ரெண்டு பேரோட இருக்கணும். பணம் கொடுக்கிறதை இழுத்தடிக்கிறதுக்கு இல்ல, அவ தனியாப் போகக் கூடாதுங்கிறதுக்கு. காப்பீட்டு அட்டை வச்சிருக்கிறவங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வழி இருக்கான்னும் அவங்க விசாரிக்கணும். மூணு, மக்களைத் தேடி மருத்துவத்துல வேலை பார்க்கிற தன்னார்வலர்கள்ல பல பேரு நம்ம குழுப் பெண்கள்தான். 2021-ல இருந்து வீடு வீடாப் போயி ரத்தக்கொதிப்பு, சர்க்கரை பார்க்கிறீங்க. அப்படிப் போறப்ப இதையும் ஒரு வார்த்தை கேளுங்க: "அக்கா, அடி இறக்கம் ஏதும் இருக்கா?" நாம கேட்டாத்தான் அவ சொல்லுவா.

இந்தத் தீர்மானத்தை இன்னைக்கே எழுதணும்னு தலைவி அவர்களைக் கேட்டுக்கிறேன். பிரதிநிதிகள் ஊருக்குப் போனதும் அடுத்த வாரக் கூட்டத்துல, சந்தா வசூல் முடிஞ்ச பிறகு, பத்து நிமிஷம் ஒதுக்கி இந்த அஞ்சு கேள்வியையும் வாசிச்சுக் காட்டுங்க. அந்தப் பயிற்சியையும் சொல்லிக் கொடுங்க. வாசிச்சு முடிச்சதும் யாராவது ஒருத்தி வாசல் வரைக்கும் பின்னாடியே வந்தா, அவசரமாக் கிளம்பிடாம நின்னு கேளுங்க.